போனவரும் இருந்தவரும்

லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு இன்னொரு வீட்டுக்குக் குடிபோன செவ்வாய்க்கிழமை, அவர் தன் வீட்டிலேயும் இருந்தார். காலை எட்டே காலுக்கு நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கியதை எதிர்வீட்டு ஜன்னல்கள் நான்கும் பார்த்தன. எட்டரைக்குக் குளியலறையிலிருந்து தலையை நீட்டி, துண்டு எங்கே என்று கேட்டார். மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தெருமுனை பஸ் நிறுத்தத்தில் அவர் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தாள். குளியலறைக் கதவில் அவர் சொட்டச் சொட்ட நின்றிருந்தார். மூன்று மாதமாக இந்த நாளுக்கென்று சேர்த்து வைத்திருந்த அழுகையை என்ன செய்வதென்று தெரியாமல், "கொடியிலதான் கெடக்கு, கண்ணு தெரியலையா?" என்றாள்.

அக்கம்பக்கத்தில் ஒரு வாரம் இதையே பேசினார்கள். அடுத்த வாரம் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டது. பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்ததால் ஒருவரைப் போனவர் என்றும் மற்றவரை இருந்தவர் என்றும் சொன்னார்கள். லிஃப்ட் கம்பெனியில் ஃபோர்மேன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, ஒருவரை மேலே மோட்டார் அறைக்கும் மற்றவரைக் கீழே குழிக்கும் அனுப்பினார். வேலை சீக்கிரம் முடிந்தது. வருகைப் பதிவேட்டில் ஒரே கையெழுத்து அடுத்தடுத்த வரிகளில் விழுந்தது. அவர்கள் ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஒரே கடையில் ரொட்டி வாங்குகிறவர்கள் மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார்கள், ஸ்பானரை மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

மகளுக்கு அப்போது பதினோரு வயது. முதலில் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. வகுப்பில் இன்னும் இரண்டு பேருடைய அப்பாக்கள் வீட்டைவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் சுத்தமாகப் போயிருந்தார்கள். "எங்கப்பா போயும் இருக்கார்" என்று சொல்லித் திரிந்தாள். இருந்தவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றினார், மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டார், மழை நாட்களில் அவளுடைய நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து வைத்தார். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றாலும் அப்படியே சாப்பிட்டார். ஆனால் கேட்டதற்குப் பதில் என்ற அளவோடு பேச்சு நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்தால் சமையலறை ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்காருவார். அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

நெருப்பை வைத்தது அத்தைதான். தம்பி எங்கே இருந்தாலும் தம்பிதானே என்று இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு வீட்டுச் சேதியை மறு வீட்டில் இறக்கி வைக்காவிட்டால் அவளுக்குச் சாப்பிட்டது செரிக்காது. "அங்க இருக்கறவன் சிரிக்கிறான்டி," என்றாள். "விசிலெல்லாம் அடிக்கிறான். அந்தக் குட்டியக் கால்மேல ஏத்திக்கிட்டு வீடு முழுக்க நடக்கறான்." குட்டி என்பது அந்த வீட்டு அம்மாவின் பெண், ஆறு வயது. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அங்கே லிஃப்ட் பழுதானபோது ஏற்பட்ட பழக்கம். குட்டி என்று ஒருத்தி வந்த பிறகு, அதுவரை வெறும் மகளாக இருந்தவளை அத்தை 'பெரியவளே' என்று கூப்பிட ஆரம்பித்தாள். சம்பந்தப்பட்டவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரியவள் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். அந்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. எதிர்க் கட்டடத்துப் படிக்கட்டு ஜன்னலிலிருந்து அதன் கூடம் நன்றாகத் தெரிந்தது. போனவர் தரையில் உட்கார்ந்து குட்டிக்கு விசில் அடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. காற்றும் எச்சிலும்தான் வந்தன. முகத்தில் தெறித்ததும் போனவர் பின்னால் சாய்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு பெரியவளுக்குத் தெரிந்த சிரிப்பு. அவளுக்கு முன்பல் விழுந்தபோது அவர் சிரித்தது. அவளுடைய பழைய சட்டையை அவளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய் இன்னொருத்திக்குப் போட்டுவிட்டது போல் இருந்தது. வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், சீருடைச் சட்டையில் தொப்புளுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாகத் தீய்ந்திருந்தது.

அம்மா ஓர் ஓட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். அவளுடைய உடுப்புகளிலும் அதே இடத்தில் தீய்ந்த வட்டங்கள் இருந்தன. வேலை அப்படி என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள், மகள் உட்பட. அம்மா சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"போய்ப் பாத்தியா?"

"ம்."

"நானும் போனேன். ரெண்டு தடவ."

உள்பக்கம் ஒட்டுத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அந்த வருஷம் மட்டும் ஒன்பது சட்டைகள் போயின.

பதின்மூன்று வயதில் பெரியவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தங்களுக்குத் தப்பான ஆள் வந்து வாய்த்திருக்கிறார், சிரிக்கிறவரை அவர்கள் எடுத்துக்கொண்டு மிச்சத்தை இங்கே வைத்துவிட்டார்கள், மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஆஸ்பத்திரி லிஃப்டைக் கழற்றிப் போட்டு வேலை நடந்த வாரம், சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் வாசலில் நின்றாள். இருவரும் கிரீஸ் கையோடு சேர்ந்து வெளியே வந்தார்கள். விசில் அடித்துக்கொண்டு வந்தவரின் கையைப் பிடித்து, "அப்பா, வீட்டுக்குப் போலாம் வாங்க," என்றாள். மற்றவரிடம், "நீங்க பன்னண்டாம் நம்பர்ல ஏறுங்க. மூணாவது மாடி," என்றாள். கையைப் பிடித்தவர்களிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆள் அவர். குடும்பம் இந்த நிலைமைக்கு வந்ததே அதனால்தான் என்று அத்தை சொல்வாள். போனவர் மகளோடு நடந்தார். இருந்தவர் பன்னிரண்டாம் நம்பரில் ஏறினார். ஆட்களை ஊடுருவிப் பார்ப்பதே தொழிலான எக்ஸ்ரே அம்மாவுக்குக் கதவைத் திறந்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. கை கழுவச் சொல்லி உள்ளே விட்டாள்.

இங்கே சாப்பிட உட்கார்ந்ததும் போனவர், "உப்பு கொஞ்சம் குடு," என்றார். அம்மா ஜாடியை நகர்த்தினாள். நகர்த்திய கை அப்படியே நின்றது. மகளைப் பார்த்தாள். மகள் தட்டைப் பார்த்தாள். சில நாள் வீட்டில் விசில் கேட்டது. பிறகு ஒரு பாட்டு பாதியில் நின்றது. பெரியவள் எந்நேரமும் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது போல. பத்தாம் நாள் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "சிரிங்கப்பா," என்றாள். முயன்று பார்த்தார். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி அது தொண்டைக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். அங்கே இருக்கிறவன் நேற்று சிரித்த சிரிப்பில் நாற்காலியின் கால் ஒடிந்துவிட்டது என்று இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

"அப்போ ஆளு இல்லம்மா, வீடுதான்," என்றாள் பெரியவள். "நம்ம வீட்ல அப்படி என்னதான் இருக்கு?"

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நாம இருக்கோம். நமக்கு அவர நல்லாத் தெரியும். அவங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியாதவங்க முன்னாடி சிரிக்கறது சுலபம்டி."

அடுத்த வியாழக்கிழமை குட்டி வந்தாள். எட்டு வயதுப் பெண், தனியாகப் பஸ் பிடித்து வந்திருந்தாள். கதவைத் தட்டவில்லை, காலால் உதைத்தாள். அவளுடைய கவுனில், வயிற்றுக்கு நேரே, தீய்ந்த வட்டம். ஓரத்தில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்த பெரியவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க ஒண்ணும் அவ்வளவு அழகா இல்ல," என்றாள்.

"யார் சொன்னா அழகுன்னு?"

"அவர் என்னக் கூப்பிடறப்போ உங்க பேரத்தான் சொல்றார். இப்ப வந்தவரும் அப்படித்தான், முன்னாடி இருந்தவரும் அப்படித்தான். ஷூ மாட்டிவிடறப்போ, தல சீவறப்போ. அப்புறம் நாக்கக் கடிச்சுக்கிட்டு என் பேரச் சொல்வார். மொதல்ல வர்றது உங்க பேருதான். எப்படி இருப்பீங்கன்னு பாக்க வந்தேன்."

பெரியவளுக்கு வயிறு குளிர்ந்துபோனது என்று சொன்னால் பொய்யாகாது. இரண்டு வருஷத்தில் அவள் கேட்ட முதல் நல்ல சேதி அது. அப்புறம்தான் குட்டியின் கவுனிலிருந்து வந்த புகை மூக்கில் ஏறியது. ஓடிப்போய் ஈரத் துணியைக் கொண்டுவந்து அந்த வயிற்றில் வைத்து அமுக்கினாள். சத்தம் கேட்டு ஸ்டூலிலிருந்து எழுந்து வந்த அப்பா குட்டியைப் பார்த்தார். ஆனால் அவளிடம் போகவில்லை. முதலில் பெரியவளின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிச் சாமானை உடைத்துவிட்டு நிற்கிறவனின் பார்வை அது. அவர் தன்னைக் கண்டு பயப்படுகிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கோபப்படுவாளோ என்றுகூட இல்லை. அவள் எதையும் மறக்கவில்லை என்பதற்காகவே பயந்தார். இத்தனை நாளும் அந்தச் சுவரில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுவரை இல்லை. அவளைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

அம்மா கவுனுக்கு ஒட்டுப் போட்டாள். அதுவரை குட்டி பெரியவளின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதையும் பெரியவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "கொண்டுபோய் விட்டுட்டு வாங்கப்பா," என்றாள். "வந்துடறேன்மா," என்றார் அவர். இரண்டு மணி நேரத்தில் ஒருவர் திரும்பி வந்தார். விட்டுவரப் போனவரா, அங்கே இருந்தவரா என்று யாரும் கேட்கவில்லை. வந்தவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார், சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அதன் பிறகு அவர்களே தங்களுக்குள் மாறிக்கொண்டார்கள். வேலை முடியும் இடம் எந்த வீட்டுக்குக் கிட்டமோ அங்கே ஒருவர், மற்றதில் மற்றவர். போனவர், இருந்தவர் என்ற பேச்சு வழக்கொழிந்தது. பெரியவள் வீட்டிலும் சிரிப்புச் சத்தம் கேட்டது, வருஷத்துக்கு நான்கைந்து தடவை, பெரும்பாலும் அம்மா ஏதாவது சொல்லும்போது. பொறாமை ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. பெரியவள் அடர்ந்த நிறத்தில் சட்டை எடுக்கப் பழகிக்கொண்டாள். அவள் கண்ணாடி அறுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். குட்டி லிஃப்ட் கம்பெனியிலேயே சேர்ந்து அப்பாக்களோடு மோட்டார் அறைக்கு ஏறினாள். அந்த வகையில் பெரியவளுக்கு இரண்டு சட்டைகள் நஷ்டம். பெரியவளின் கல்யாணப் படத்தில் அப்பா இரண்டு பக்கமும் நின்றார். படம் எடுத்தவர் தன் காமிராவில் கோளாறு என்று நினைத்து இன்னொரு படம் இலவசமாக எடுத்துக் கொடுத்தார்.

அவருடைய அறுபத்து மூன்றாவது வயதில், ஒரு மத்தியானம், பெரியவள் வீட்டு ஜன்னலுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "நான் போயிட்டேன்மா," என்றார். சொல்லிவிட்டு ஸ்க்ரூவை முழுதாக முடுக்கினார். பெரியவளும் அவரும் அந்த மூன்றாவது மாடி வீட்டுக்குப் பஸ் பிடித்துப் போவதற்குள் குட்டி கண்களைத் துடைத்துக்கொண்டு அறையைப் பெருக்கி வைத்திருந்தாள். இறப்பைப் பதியும் அலுவலகத்தில், தகவல் தருபவர் இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் அவர் 'தானே' என்று எழுதினார். குமாஸ்தா படித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். மயானத்தில் தன்னைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். உயரம் சரியாக இருந்ததால் முன்பக்கம் கொடுத்தார்கள்.

பெரியவளுக்கோ உயிரோடு ஒருவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். இருந்தும் குட்டிக்குக் கிடைத்த அந்தச் சாவின் மேல் கண்ணாக இருந்தது. அவர் நகர்ந்த சமயம் பார்த்துக் குட்டியிடம், "கடைசியா என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"தண்ணி கேட்டார். கொண்டுவந்தேன். குடிச்சார்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லக்கா."

எதையோ தனக்கென்று ஒளித்துக்கொள்கிறாள் என்று பெரியவள் முழுதாக நம்பினாள். தானாக இருந்தால் ஒளித்திருப்பாள்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். கடைசி நீள சீட்டில் அவர் நடுவில். கண்டக்டருக்கு அவரைப் பல வருஷப் பழக்கம். "காலைல கேள்விப்பட்டேன் சார். ரொம்ப வருத்தமா இருந்துச்சு," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன செய்யறது, வயசாச்சு," என்றார் அவர். மூன்று டிக்கெட் வாங்கினார்கள். அலைச்சலில் அவருக்குக் கண் சொக்கியது. தலை மெல்லச் சரிந்து குட்டியின் தோளில் போய்ச் சாய்ந்தது. பெரியவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அந்தத் தோளைப் பார்த்தாள். மேம்பாலத்தடியில் பஸ் திரும்பியபோது தலை இந்தப் பக்கம் சரிந்து அவள் தோளுக்கு வந்தது. அவள் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள். அவளுடைய நிறுத்தம் வந்தது. எழுந்திருக்கவில்லை. குட்டியின் நிறுத்தம் வந்தது. குட்டியும் எழுந்திருக்கவில்லை. டெப்போவுக்கு இன்னும் நான்கு வளைவுகள் இருந்தன.