நேர்ந்துவிட்ட சேவல்

கோழிப்பண்ணையில் வாளி தூக்கியே விட்டுப்போன இடுப்பு, ஒன்பது நாளாக ஆஸ்பத்திரித் தரையில் கிடந்ததில் இன்னும் கடுத்தது. ஆறுமுகத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். அவள் மகள் முத்துராணிக்கு ஆறு வயது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். மூன்று விதமான ஊசி போட்டும் கேட்கவில்லை. ஆறாம் நாள், பிள்ளை பிழைத்தால் வீட்டுச் சேவலை இந்த வருஷக் கோயில் கொடைக்கே தருவதாகச் சுடலைமாடனுக்கு நேர்ந்தாள். நாலாவது மருந்தில் காய்ச்சல் இறங்கியது.

டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி அவளைக் கூப்பிட்டு, பிள்ளையிடமிருந்து எடுத்த கிருமியை வளர்த்த ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினாள். அதில் வட்ட வட்டமாகக் காகிதத் துண்டுகள், துண்டுக்கு ஒரு மருந்து. மருந்து கேட்டால் சுற்றிலும் கிருமி செத்து வெறிச்சென்று இருக்குமாம். மூன்று துண்டுகளை ஒட்டிக் கிருமி அப்பிக் கிடந்தது. வீட்டில் கோழி உண்டா என்று டாக்டர் கேட்டாள். ஆறுமுகத்தாய் மறைக்கவில்லை. முக்கூடல் பண்ணையில் கோழிக்குத் தண்ணீர் வைப்பது அவள் வேலை. சீக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாளிக்கு ஒரு கரண்டி மஞ்சள் நிற மருந்துப் பொடி. அதில் கொஞ்சம் முந்தியில் முடிந்துவந்து வீட்டுச் சேவலுக்கும் கலப்பாள்.

"அந்தப் பொடியும் இந்த ஊசியும் ஒரே குடும்பம்மா. தினமும் கொஞ்சங்கொஞ்சமா குடுத்தா, அதுக்குச் சாகாத கிருமிதான் மிஞ்சும். சாகாத வித்தையை வேற கிருமிக்கும் குடுத்துரும்."

"வேவிச்சுத் தின்னா ஒண்ணும் செய்யாதுல்லா?"

"நல்லா வெந்தாப் போதும். பச்சையா வாயில படக் கூடாது."

அவளுக்குக் கொடை நினைவுக்கு வந்தது. புருஷன் பேச்சிராஜ்தான் சுடலைக்குச் சாமியாடி. அருள் வந்தால் சேவலின் கழுத்தைக் கடித்துப் பச்சை ரத்தம் குடிப்பவன்.

பிள்ளையோடு வீடு திரும்பியதும் அவனிடம் சொன்னாள். "ஏட்டி, குடிக்கது சாமி. என்னை என்ன செய்யும்?" என்றான்.

"குடிக்கது சாமி. வவுறு ஒங்க வவுறுல்லா?"

அவன் வெளியே போனதும் சேவலைத் திருகிக் கொன்று முள்காட்டில் ஆழக் குழிதோண்டிப் புதைத்தாள். திரும்பி வந்தவன் கத்தவில்லை. பக்கத்து வீட்டு உலகம்மாளிடம் ஒரு சேவல் வாங்கிக்கொள்ளலாம் என்றான். உலகம்மாளுக்கும் பொடி கொடுத்தவள் இவள்தான். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அந்தத் தெருவில் அவள் பொடி போகாத வீடு இல்லை; எந்தச் சேவலையும் வாங்கவிடவில்லை. பண்ணை அண்ணாச்சியிடம் பொடியை நிறுத்தச் சொன்னதற்கு, ஒனக்கு வேலை வேணுமா வேண்டாமா என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை கொடையில் பேச்சிராஜுக்கு அருள் வந்தது. ஆடிக்கொண்டே வந்து அவள் முன்னால் கையை நீட்டினான். கண்ணில் புருஷன் இல்லை.

"எங்கட்டி என் சேவல்?"

இடுப்பில் பிள்ளை, வெறுங்கை. அடுத்த கொடைக்குத் தருவதாகச் சொன்னாள். நீட்டிய கை மடங்கவில்லை.

பிள்ளை உயிருக்கு நேர்ந்த சேவல் ஒன்று, சுடலைக்கு இன்னும் பாக்கி.