மாடிப்படி விளக்கும் அடுப்படி ஜன்னலும்

சனிக்கிழமை காலை பத்து மணி. இரும்புலியூரில் ஏசுதாசன் வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு வெளியே வயர்மேன் அப்பாதுரை நின்றுகொண்டிருந்தார். சுவரில் அவர் போட்ட துளை வழியாக மூன்று வயர்கள் அடுப்படிக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. வயர் உள்ளே போகலாம், அப்பாதுரை போகக் கூடாது. அந்த வீட்டு வழக்கம் அப்படி.

ஏசுதாசன் ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க். மனைவி மெட்டில்டா பள்ளிக்கூடத்து டீச்சர். அந்த வருஷம், அறுபத்தொன்பதில், மொட்டை மாடியில் ஓர் அறை கட்டியிருந்தார்கள். மெட்டில்டா அங்கேதான் டியூஷன் எடுப்பாள். படிக்கட்டு வீட்டுக்குப் பின்னால், வெளிப்புறமாக, பதினோரு படி. பொழுது சாய்ந்தபின் நோட்டுக் கட்டோடு இறங்கியவள் ஒருநாள் இருட்டில் சறுக்கிவிட்டாள். ஏதோ புண்ணியம், சிராய்ப்போடு போயிற்று. அதன்பிறகுதான் இந்த ஏற்பாடு. படிக்கு ஒரு விளக்கு, அதற்கு மாடியில் ஒரு சுவிட்ச், கீழே அடுப்படிக் கதவோரம் ஒரு சுவிட்ச். கீழே போட்டு மேலே அணைக்கலாம், மேலே போட்டுக் கீழே அணைக்கலாம். அந்தத் தெருவில் அப்படி ஒரு விளக்கு அதுவரை யார் வீட்டிலும் கிடையாது.

அப்பாதுரைக்கும் இது பெரிய வேலைதான். பன்னிரண்டு வருஷம் ஹெல்பராக ஏணி தூக்கிவிட்டு, பரீட்சை எழுதி, இரண்டு மாதம் முன்புதான் வயர்மேன் பர்மிட் வாங்கியிருந்தார். சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு முடிக்கப்போகிற முதல் வேலை. ஒரு தப்பு நடந்தால் பர்மிட் போய்விடும். மறுபடி ஏணி தூக்கத்தான் போகவேண்டும்.

ஏசுதாசனைக் கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஞாயிறு ஆராதனையில் வேதம் வாசிக்கிறவர். அப்பாதுரையும் அதே கோயில்தான். திருவிருந்து அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துத் திராட்சரசம் குடிக்கிறவர்கள். ஆனால் கோயில் கிண்ணம் வேறு, வீட்டு அடுப்படி வேறு என்று ஏசுதாசனுக்குள் ஒரு கணக்கு. ஜாதி என்ற சொல் அவர் வாயில் வந்ததே கிடையாது. வெளியாள் அடுப்படிக்குள் வருவது நம் வீட்டுப் பழக்கமில்லை என்று மட்டும் சொல்வார். பால்காரர் அடுப்பு வரைக்கும் வருவார். அவர் வெளியாள் இல்லை. எந்தத் தெருவிலிருந்து வருகிறவர் வெளியாள் என்பது ஏசுதாசனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

மேல் சுவிட்ச் முடிந்துவிட்டது, கீழ் சுவிட்சுக்கு உள்ளே ஐந்து நிமிஷம் வந்தால் போதும் என்று அப்பாதுரை இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார்.

"அதெல்லாம் வேணாம். நீ அங்கயே நின்னு சொல்லு, நான் முடுக்கறேன்" என்று ஸ்க்ரூடிரைவரோடு நின்றார் ஹெட் கிளார்க்.

அப்பாதுரை பொறுமையாகச் சொன்னார். மூன்று வயரில் இரண்டு, சுவிட்சின் ஓரத்து ஸ்க்ரூக்களுக்கு. மூன்றாவது நேராக பல்புக்குப் போகிறது. அடுப்படிப் பலகையில் ஏற்கெனவே இரண்டு பழைய வயர் இருக்கிறது. கரண்டு வருகிற வயரைச் சுவிட்சின் நடு ஸ்க்ரூவில் மாட்டவேண்டும். கரண்டு திரும்பிப் போகிற வயரை பல்பு வயரோடு சேர்க்கவேண்டும். சிவப்பு வருவது, கறுப்பு போவது. இதை மட்டும் மாற்றிவிடக் கூடாது.

அங்கேதான் வந்தது வினை. ஆறு வருஷத்து அடுப்புப் புகையில் சிவப்பும் கறுப்பும் ஒரே கரியாகக் கிடந்தன. எது எது என்று ஏசுதாசனுக்குத் தெரியவில்லை.

கை இரண்டும் வேலையாக இருந்ததால், கரண்டு இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டரைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார் அப்பாதுரை. அதை எடுத்து, சட்டையில் துடைத்து, ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார். "மெயினப் போட்டுட்டு இத்த வெச்சுப் பாருங்க சார். எதுல வெளக்கு எரியுதோ அதான் நடு ஸ்க்ரூக்கு. பாத்துட்டு, மெயின அணைச்சிட்டு அப்பால முடுக்குங்க."

ஏசுதாசன் அந்த டெஸ்டரைப் பார்த்தார். அவன் வாயில் இருந்த சாமான். அவர் கை எழும்பவில்லை. வேண்டாம், எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். எங்கே தெரியும், ஒரு மண்ணும் தெரியாது. இரண்டில் ஒன்றை எடுத்து நடுவில் வைத்து முடுக்கினார். நீட்டிய கை சற்று நேரம் கம்பிகளுக்கு நடுவே நின்று, பிறகு வெளியே போனதை அடுப்பு முன்னால் நின்ற மெட்டில்டா பார்த்தாள். பார்த்துவிட்டு, கொதிக்கிற உலையைக் கிளறினாள்.

விளக்கு எரிந்தது. மேலே அணைந்தது, கீழே எரிந்தது. ஏசுதாசன் சின்னப் பிள்ளை மாதிரி நாலு தடவை ஏறி இறங்கினார். பல்பைக் கழற்றி ஹோல்டரில் ஒரு தடவை டெஸ்டர் வைத்துப் பார்த்துவிடுகிறேன் என்றார் அப்பாதுரை. அதுதான் எரிகிறதே, போதகர் ஜெபத்துக்கு வருகிற நேரம், சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றார் ஏசுதாசன். அப்பாதுரை பிடிவாதமாக நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. அவருக்கு அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. வேலை முடிந்தது என்ற தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்தது. ஒரு மழை விட்ட மறுநாள் விடிகாலை, விளக்கின் மூடி நிறைய ஈசல் செத்துக் கிடந்தது. மெட்டில்டா மேல் சுவிட்சை அணைத்தாள். விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்தாள். பல்பைக் கழற்றி வைத்துவிட்டு ஈரத் துணியால் ஹோல்டரைத் துடைத்தாள். பாவி மகள், வேறென்ன செய்வாள்? அணைந்த விளக்கில் கரண்டு இருக்கும் என்று யார் கண்டது? ஒரே தூக்கு. பதினோரு படியும் உருண்டு கீழே கிடந்தாள். தொடை எலும்பு முறிந்தது, வலது கை விரல்கள் வெந்துபோயின. உயிர் தங்கியதே பெரிய காரியம் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தே ஏசுதாசன் கரண்டு ஆபீசுக்குப் புகார் எழுதினார். அழகான இங்கிலீஷ். வயர்மேனின் கவனக்குறைவு என்று இரண்டு இடத்தில் எழுதினார். அந்த ஸ்க்ரூவை முடுக்கியது யார் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. இருபது வருஷத்துக் கோப்புகளையெல்லாம் நம்பரோடு சொல்லுகிற மனுஷருக்கு அது மட்டும் மறந்துபோயிற்றாம்.

விசாரணை முடிகிறவரை அப்பாதுரையின் பர்மிட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவன் கை வைத்த வீட்டில் டீச்சரம்மா விழுந்தாள் என்று தாம்பரம் வரைக்கும் பேச்சு. ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

மூன்றாவது வாரம் கரண்டு ஆபீஸ் அதிகாரி ஒருவர் ஏசுதாசன் வீட்டுக்கு வந்தார். அப்பாதுரையையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் பழக்கதோஷத்தில் ஜன்னலுக்கு வெளியிலேயே போய் நின்றார். அதிகாரி அடுப்படிப் பலகையைத் திறந்து டெஸ்டரை வைத்த உடனே விஷயம் தெரிந்துவிட்டது. வயர் மாறியிருக்கிறது, சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் கரண்டு எப்போதும் இருந்துகொண்டே இருக்கும் என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்து, "கையெழுத்து உன்னுதுதானேப்பா? பர்மிட் போயிடும்" என்றார்.

"நான் உள்ளவே வர்ல சார். இந்த ஜன்னலாண்டதான் நின்னுகினு இருந்தேன்" என்றார் அப்பாதுரை.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று யாராவது சுவிட்ச் மாட்டுவார்களா என்று கேட்டார். 

பக்கத்து அறையில் மெட்டில்டா காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. அங்கிருந்தே கூப்பிட்டாள். "என்னங்க, அன்னிக்கு நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நான் வாயைத் திறக்கலை, என் காலு போச்சு. இன்னிக்கும் திறக்கலைன்னா அவர் பொழப்பு போயிடும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

ஏசுதாசன் அதிகாரியின் பக்கம் திரும்பினார். தான்தான் முடுக்கியதாகவும், உள்ளே வருகிறேன் என்று இரண்டு தடவை கேட்டவரை விடவில்லை என்றும், நீட்டிய டெஸ்டரைத் தொடவில்லை என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்பாதுரை தன் பங்குக்கு, டெஸ்ட் பண்ணாமல் மனக்கசப்போடு போனது தன் தப்பு, அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி என்றார். கதவு திறந்துதான் இருந்தது. "உள்ள வாங்க அப்பாதுரை" என்றார் ஏசுதாசன். அவர் தயங்கித் தயங்கி வந்து கதவுக்குள் நின்றார்.

அதிகாரி, அப்பாதுரைக்குப் பர்மிட் திரும்பக் கிடைத்துவிடும் என்று சொல்லிவிட்டு ஒரு தாளை எடுத்தார். அதில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஹெட் கிளார்க்கின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, "வயர்மேனை உள்ளே விடாததுக்குக் காரணம் என்ன எழுதட்டும் சார்? கவனக்குறைவுன்னு போட்டுடவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஏசுதாசன் மனைவி படுத்திருந்த அறைப்பக்கம் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"கவனக்குறைவு இல்ல சார். நல்லா கவனமாத்தான் வெளியில நிறுத்தினேன். ஜாதின்னு எழுதுங்க. வேலை தெரிஞ்ச மனுஷனை ஜாதி பாத்து வாசல்ல நிறுத்தினா, சாவு தைரியமா வீட்டுக்குள்ள வரும். அதையும் சேத்து எழுதிக்குங்க."