மூச்சைப் பின்தொடரவும்

ஒத்திகை அறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். இசையமைப்பாளர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வயலின்காரரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆசாமிக்கு நாற்பத்தாறு வயது, தலையில் பாதி நரை, பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவருக்குக் கொட்டாவி விடக்கூட இடம் கொடுக்கமாட்டான்.

அவனிடம் இரண்டு குழுக்கள் இருந்தன. பழைய குழு முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இசையை அந்தக் காலத்து வாத்தியங்களில், இன்றைய சுருதிக்கு அரைச் சுரம் இறக்கி வாசிக்கும். புதிய குழுவில் ஒலிபெருக்கி, கம்ப்யூட்டர், போதாததற்கு இரும்புத் தகட்டை வில்லால் தேய்க்கிற ஒருத்தர். இரண்டு குழுவும் ஒன்றையொன்று ஏற இறங்கத்தான் பார்க்கும். அக்கா பழைய குழுவில் ஹார்ப்சிகார்ட் வாசித்தாள். பார்க்கப் பியானோ மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே சுத்தியல் தட்டாது. சின்ன நகம் ஒன்று தந்தியைச் சுண்டும். அவளுக்கு முன்னால் வைக்கிற தாளில் கீழ்ச்சுரங்களின் அடிவரி மட்டும்தான் இருக்கும். மேலே என்ன வாசிப்பது என்பதைப் பாடுகிறவர் மூச்சு எடுப்பதைப் பார்த்து அவளாகத்தான் இட்டு நிரப்பவேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் மூச்சைக் கவனிப்பதுதான் அவள் பிழைப்பு.

இந்த முறை தம்பி இரண்டு குழுவையும் ஒரே மேடையில் ஏற்றி ஓர் இசை நாடகம் எழுதியிருந்தான். சாகக் கிடக்கிற ராஜா, அவனைச் சுற்றி வாரிசுகள். முதல் பக்கத்தில் ‘அப்பாவுக்கு’ என்று அச்சடித்திருந்தது. அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சனிக்கிழமை முதல் காட்சி. அம்மாவுக்கு முன்வரிசையில் நட்டநடு நாற்காலி. அப்பாவுக்காகப் பிள்ளை செய்தது என்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எதை உடுத்துவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று மூன்று நாளாகக் கேட்டு அக்காவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

பதிவு செய்த ஒலிகளைப் புதன்கிழமைதான் முதல்முறையாக வாத்தியங்களோடு சேர்த்துப் போட்டார்கள். மூன்றாம் காட்சி, ராஜாவின் படுக்கை. அக்காவின் தாளில் அடிவரிக்கு மேலே தம்பி தன் கையால் எழுதியிருந்தான்: மூச்சைப் பின்தொடரவும். அவள் வழக்கம்போலப் பாடகியைப் பார்த்தாள். பாடகி வாயை மூடிக்கொண்டு நின்றாள். மூச்சு ஒலிபெருக்கியிலிருந்து வந்தது.

உள்ளே இழுக்கும்போது ஒரு விசில். நெஞ்சுக்குள் சளி கொதிக்கிற சத்தம். ஒரு நிறுத்தம். பிறகு தொண்டையில் ‘டொக்’ என்று ஏதோ விழுந்து மூச்சு வெளியே வந்தது. அக்காவின் வலதுகை கட்டைகளை விட்டுவிட்டு மடியில் துணியைத் தேடியது. ஐந்து மாதம், அந்த ‘டொக்’குக்குப் பிறகு அப்பாவின் வாயோரம் வழிவதைத் துடைத்த கை. அவளுக்குப் புரிவதற்கு முன்பே கைக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா, நீ உள்ள வரலை,” என்றான் தம்பி. “அந்த ‘டொக்’குக்கு அப்புறம் வரணும். இன்னொரு தடவை போடலாம்.”

இன்னொரு தடவை போட்டார்கள். இரும்புத் தகட்டுக்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டு, “செம சவுண்டுங்க, பழைய தண்ணி பம்பா?” என்று கேட்டார். தம்பி சிரித்தான். பெற்ற அப்பனின் நெஞ்சுச் சளியைப் பம்பு என்று ஒருத்தன் சொல்கிறான், இவன் வாயெல்லாம் பல்லாக நிற்கிறான். சீ.

அப்பா படுக்கையில் கிடந்த ஐந்து மாதத்தில் தம்பி எட்டிப் பார்த்தது ஒரே ஒரு தடவை, போவதற்கு இரண்டு நாள் முன்னால். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒரே சுருதியில் இரைந்துகொண்டே இருக்கும். அவள் ஹார்ப்சிகார்டின் சுருதிக்கு மயிரிழை கீழே. அந்த மயிரிழை அவளை ராத்திரி பகலாகப் படாதபாடு படுத்தியது. அதை நிறுத்தவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தம்பிதான், “கொஞ்ச நேரம் நிறுத்துக்கா. இந்த இரைச்சல் வேணாம். அப்பா அமைதியா இருக்கட்டும்,” என்றான். அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கு மனம் இளகிவிட்டது. நிறுத்தினாள். சமையலறைக்குப் போய், இத்தனை நாள் இவனைக் கரித்துக்கொட்டினோமே, இவனுக்குள்ளும் இப்படி ஒரு ஈரம் இருக்கிறதே என்று அழுதாள். டாக்டர் பேச்சை மீறியதால் மெஷின் விஷயத்தை மட்டும் யாரிடமும் வாய்திறக்கவில்லை. தம்பி அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

இப்போது ஒலிபெருக்கியில் வந்த மூச்சில் அந்த இரைச்சல் இல்லை. எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் அவள் காது கண்டுபிடித்திருக்கும். ஐந்து மாதத்தில் அந்த அறையில் அது இல்லாத நேரம் ஒன்றே ஒன்றுதான்.

இடைவேளையில் அவள் நேரே ஒலிப்பதிவாளரிடம் போனாள். நல்ல மனிதர். டீயைப் பாதி குடித்தபடி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அந்த மூச்சு இருக்கே, வெட்டாத பதிவை முதல்லேருந்து போடுங்க.”

“எதுக்குக்கா?”

“போடுங்க.”

காதில் மாட்டிக்கொண்டாள். முதலில் செருப்புச் சத்தம், அவளுடையதே. அப்புறம் மெஷின் நிற்கிற சத்தம். “நீ போக்கா, நான் பார்த்துக்கறேன்” என்று தம்பியின் குரல். கதவு சாத்துகிற சத்தம். பிறகு அப்பா. முதலில் நிதானமாக, போகப் போக இழுத்து இழுத்து, ஒன்பதாவது நிமிஷத்தில் தவியாய்த் தவித்து. பதினோரு நிமிஷம். நடுவில் ஒரு தடவை நாற்காலி நகர்ந்தது. எழுந்து மெஷினைப் போடப்போகிறான் என்று, முடிந்துபோன விஷயம் என்று தெரிந்தும், அவள் காத்திருந்தாள். அவன் போடவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் இன்னும் பக்கத்தில் கேட்டது. பதிவு செய்துகொண்டிருந்த போனை இன்னும் கிட்டே கொண்டுபோயிருக்கிறான்.

“ஒன்பதாவது நிமிஷத்துலேருந்துதான் எடுத்தோம்,” என்றார் ஒலிப்பதிவாளர். “வேகம் கூடுற இடத்தை அவரே குறிச்சுக் குடுத்தார். யாருக்கா அந்த நடிகர்? பிரமாதமா பண்ணியிருக்கார்.”

“எங்கப்பா.”

அந்த மனிதர் வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

தம்பி உடைமாற்றும் அறையில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து தாள்களில் சிவப்புப் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

“மெஷினை எதுக்குடா நிறுத்தச் சொன்னே?”

அவன் மழுப்புவான், முகம் கறுக்கும், கண்ணிலாவது ஒரு கலக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் இல்லை. “அந்த இரைச்சல்ல ஒண்ணும் பதிவாகாதுக்கா,” என்றான். சோப்பு போட்டால்தான் நுரை வரும் என்பது மாதிரி சொன்னான்.

“அவர் தவிச்சுக்கிட்டிருந்தாருடா.”

“பதினோரு நிமிஷம்தானே? நானேதான் திரும்பிப் போட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு நாள் இருந்தாரே.” பென்சிலைக் காதில் செருகினான். “அக்கா, நீ இதைத் தப்பா பார்க்கறே. செத்தவங்களுக்காக எவ்வளவோ பேர் எழுதியிருக்காங்க. யாராவது அவங்களையே வாசிக்க வெச்சிருக்காங்களா? இது நான் அவருக்குப் பண்ற மரியாதை.”

மரியாதையாம். மலம் மூத்திரம் வழிக்க ஒருத்தி, மரியாதை செய்ய ஒருத்தன். அந்த மனுஷனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்திருப்பானா? அவளுக்கு அவன் விரல்களைப் பார்க்கவே கூசியது.

“சனிக்கிழமை அம்மா முன்னாடி உட்காரப்போறா. அம்பது வருஷம் அவர் பக்கத்துல படுத்தவ. ஒரு நொடியில கண்டுபிடிச்சுடுவா. அந்தச் சத்தத்தை எடுத்துடு.”

“எடுக்க முடியாது. நாடகமே அதுமேலதான் நிக்குது.” கொஞ்சம் யோசித்தான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கண்றாவி. “அப்படி அம்மாவே கண்டுபிடிச்சா, அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு என்ன இருக்கு சொல்லு.”

அவள் மூலையிலிருந்த கைகழுவும் தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தாள். அவன் எழுந்துவந்து முதுகைத் தடவினான். “கையை எடு,” என்றாள். வாயைக் கழுவினாள், குழாயை மூடினாள். “வேற ஆளைப் பார்த்துக்கோ. நான் வாசிக்கமாட்டேன்.”

“சனிக்கிழமைக்குள்ள நான் யாரைத் தேடுவேன்?” என்றான் அவன். அப்போதுதான், அன்றைக்கு முதல்முறையாக, அவன் குரல் நடுங்கியது.

அவள் வீட்டுக்குப் போனபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. அம்மா மேசையருகே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“சனிக்கிழமை நாம போகலம்மா,” என்றாள் அக்கா.

“ஏண்டி? அவன்கூடச் சண்டையா? உனக்கு எப்பவும் அவனைக் கண்டா ஆகாது.”

ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் இந்தப் பேச்சைக் கேட்டதும் அவளால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஒலிபெருக்கி, பம்பு, பதினோரு நிமிஷம், மெஷினைத் தன் கையால் நிறுத்தியது, யார் நிறுத்தச் சொன்னது, எதற்கு. சொல்லி முடித்துவிட்டு அம்மா அழுவாள் என்று காத்திருந்தாள்.

அம்மா அழவில்லை. கையிலிருந்த பட்டாணியை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“மெஷினை அவனா நிறுத்தச் சொன்னான்?” என்றாள் கடைசியில்.

“ஆமாம்மா.”

“அன்னிக்கு நான் பக்கத்து ரூம்ல படுத்திருந்தேன். இரைச்சல் நின்னதும் முழிப்பு வந்துடுச்சு. எழுந்திருக்கப் பார்த்தேன், முட்டி வரலை. அவர் இழுக்கறது மட்டும் கேட்டுச்சு. கூப்பிட்டா குரல் வெளியவே வரலை.” அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “சாயந்திரம் அவன் வந்துட்டுப் போனதைச் சொன்னே. மெஷின் நின்னதைச் சொல்லலை.”

“டாக்டர் வேணாம்னு சொன்னதைச் செஞ்சுட்டோமேன்னு பயந்துதாம்மா...”

“அவன் போனப்புறம் நீதான் தாங்க முடியாம நிறுத்திட்டேன்னு நெனச்சேன். பாவம், அஞ்சு மாசமா தூக்கமில்லாம கிடந்தவ. குத்தம் சொல்ல மனசு வரலை. யார்கிட்டயும் சொல்லவும் இல்லை.” பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டாள். “அப்புறம் என் மாத்திரையை நானே எடுத்துக்கறேன்னு சொன்னேன் பாரு. உனக்கு வேலை குறையட்டும்னு சொன்னேன். அது பொய்டி. எனக்கு உன்கிட்ட வாங்கிக்கப் பயமா இருந்துச்சு.”

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷம் ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்துச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, பெற்றவள் தன் கையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா மேசையை ஊன்றி எழுந்து, தன் அறைக்குப் போய், மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள்.

“ராத்திரிக்கு எது எதுன்னு நீயே பார்த்துக் குடு,” என்றாள். “எனக்கு அந்த எழுத்து தெரியறதே இல்லை. இத்தனை நாளும் குத்துமதிப்பாதான் போட்டுக்கிட்டிருக்கேன்.”