உருண்டை இல்லாத மவுஸ்

சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி செந்தூர்பாண்டிக்குக் கொடுக்க வேண்டியது அறுநூற்று எழுபத்தைந்து ரூபாய். உப்புக் கிட்டங்கியில் மூட்டை சுமக்கிறவனிடம் முதலாளியே கடன்படுவது லேசில் நடக்கிற காரியமா? ஒரு மவுஸால் நடந்தது.

துறைமுகச் சாலையில் இருந்த கிட்டங்கிக்கு வாசலிலேயே எடைமேடை. வெறும் லாரியை அங்கே எடை போட்டால்தான் உள்ளே வந்து மூட்டை ஏற்ற முடியும். எடை போடுகிற கம்ப்யூட்டரில் சாத்தான்குளத்துக் கிருபாபாய் அக்கா. பறக்கிற உப்புத்தூள் மவுஸின் வயிற்றுக்குள் போய் அடைக்கும். திரையில் அம்புக்குறி அசையாது. அக்கா மவுஸை மல்லாத்தி, ரப்பர் உருண்டையைக் கழற்றி, துடைத்து, ஊதி, மறுபடியும் மாட்டுவார்.

"எப்பப் பாத்தாலும் இதே ரிப்பேரு! ஏலே, டவுனுக்குப் போயி நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வா. துட்ட அப்புறம் தாரேன்" என்றார் அண்ணாச்சி.

டேபிள் பேன் வாங்கச் சேர்த்திருந்த பணத்தோடு செந்தூர்பாண்டி போனான். கடைக்காரர் புதுச் சரக்கைக் காட்டினார். உருண்டையே கிடையாது, அடியில் சிவப்பு விளக்கு. உப்பு எங்கே போய் அடைக்கும்? வாங்கி வந்துவிட்டான்.

அக்காவின் மேஜைக்குக் கண்ணாடி. அடியில் பேரப்பிள்ளைகள் போட்டோ, சர்ச் காலண்டர். புது மவுஸை வைத்தால் அம்புக்குறி ஒரு தத்துத் தத்திவிட்டு ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது.

"கையில கனமே இல்லயே. அதுல உருண்டை உருளுதது கைக்குத் தெரியும். இது வயித்துல வெளக்க வச்சுக்கிட்டு வழுக்கிட்டுப் போவுது" என்றார் அக்கா.

"ஓடினாத்தான் துட்டு" என்று சொல்லிவிட்டு, சஷ்டி விரதத்துக்குத் திருச்செந்தூர் போய் உட்கார்ந்துகொண்டார் அண்ணாச்சி.

செந்தூர்பாண்டிக்கு ராத்திரி உறக்கமில்லை. காலையில் மவுஸுக்கு அடியில் சாக்கை விரித்துப் பார்த்தான், சிக்கியது. செய்தித்தாளை விரித்தான், கிழிந்தது. கடைசியில் தான் இடுப்பில் கட்டுகிற பழைய கட்டம்போட்ட சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்து நாலாக மடித்துக் கண்ணாடிமேல் வைத்தான். மவுஸ் பறந்தது!

பிறகுதான் வினை. லாரி மேல் லாரியாக உள்ளே வந்தது. அதுவரை அக்கா உருண்டையைக் கழற்றினால் லாரிகள் வெளியே நிற்கும், சுமைக்காரர்கள் மூட்டையில் சாய்வார்கள், டீ வரும். இப்போது முதுகு நிமிர்த்த நேரமில்லை. கூலியோ நாள் கூலி. ஒரு மூட்டை கூடச் சுமந்தாலும் அதே துட்டு.

"ஏலே, நீ மவுஸா வாங்கிட்டு வந்த? எமனல்லா வாங்கிட்டு வந்திருக்க" என்றான் கூடச் சுமக்கிற வீரபாகு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"துட்டு வந்து சேரட்டும்லே."

"துட்டு வரும். பேன் வாங்குவ. அதுக்கு முன்னால படுக்க நீ இருக்கணும்லா?"

அக்காவுக்கும் முகம் செத்துவிட்டது. "உருண்டையத் தொடைக்கிற சாக்குல ஒரு வாய் டீ குடிப்பேன். அதுலயும் மண்ண அள்ளிப் போட்டுட்ட" என்றார்.

விரதம் முடித்து, நெற்றி நிறையத் திருநீறோடு அண்ணாச்சி வந்தார். சட்டைப்பையில் நூறு ரூபாய்த் தாள்கள் தெரிந்தன. எடைமேடையில் ஒரு லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"என்ன, ஓடுதா?"

"துட்டு போட்டவன் அவன். அவன்கிட்டயே கேளுங்க அண்ணாச்சி" என்றார் அக்கா. வாசலில் வீரபாகு மூட்டையோடு நின்று பார்த்தான்.

செந்தூர்பாண்டி சட்டைப்பையைப் பார்த்தான். வீரபாகுவின் இடுப்பைப் பார்த்தான். அவன் சொந்த இடுப்பும் ஓய்வு கேட்டது. மெல்ல மேஜைக்குப் போய், மவுஸைத் தூக்கி, அடியிலிருந்த சாரத்துண்டை உருவிக் கழுத்தைத் துடைத்துத் தலையில் கட்டிக்கொண்டான்.

"ஓடாது அண்ணாச்சி."

அண்ணாச்சி கண்ணாடியில் வைத்து இழுத்துப் பார்த்தார். அம்புக்குறி பழையபடி மூலையில் ஒட்டிக்கொண்டது.

"நல்லாப் பாத்து வாங்குனலே! ஓடாத சாமானுக்கு என் துட்டு கெடையாது, ஆமா."

"வேண்டாம் அண்ணாச்சி. அந்தக் கணக்கு கழிஞ்சிட்டு."

அக்கா இழுப்பறையிலிருந்து பழைய மவுஸை எடுத்து மாட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, மல்லாத்தி உருண்டையைக் கழற்றினார். வெளியே லாரிகள் ஒவ்வொன்றாக எஞ்சினை நிறுத்தின. வீரபாகு மூட்டையை இறக்கிவிட்டு அதிலேயே சாய்ந்தான்.

"செந்தூர்பாண்டிக்கு ஒரு டீ கூடச் சொல்லு" என்றார் அக்கா, உருண்டையை ஊதிக்கொண்டே. "என் கணக்குல."