அடுப்புக் கேள்விகள்

அறிவியல் டீச்சருக்கு ஒரு பெரிய குறை உண்டு. முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. பல்வலி என்றால் தெருமுனையில் வரும்போதே கண்டுபிடித்துவிடலாம். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். இவளுக்கு அகத்தின் அழுக்கு, கவலை, பயம் எல்லாமே அங்கேதான். இப்படிப்பட்டவளைப் பிடித்து இந்த வருஷப் பொதுத்தேர்வுக்கு அறிவியல் கேள்வித்தாள் தயாரிக்கச் சொன்னார்களே, அந்தப் புண்ணியவான்களை என்ன சொல்வது!

தயாரித்துக் கொடுத்தாள். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்றும், தன் வீட்டில் யாரும் அந்தத் தேர்வை எழுதவில்லை என்றும் கையெழுத்தும் போட்டாள். போட்ட அன்று அது சத்தியம். அதற்கப்புறம்தான் அண்ணனுக்கு மாற்றல் வந்தது. "பரீட்சை முடியிறவரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும்மா" என்று மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். எல்லோரும் அவளைச் சிட்டு என்பார்கள். பத்தாம் வகுப்பு.

அன்றைக்கே தேர்வு அதிகாரிக்கு டீச்சர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் கேள்வித்தாளை மாற்றுவார்கள், அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். நம் வாயைக் கட்டினால் போதாதா என்று நினைத்துவிட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

சிட்டுவிடம் தலையணை கனத்துக்கு ஒரு மாதிரிக் கேள்விப் புத்தகம் இருந்தது. எல்லாப் பாடமும் அதில் உண்டு. சாயங்காலம் ஆனால் அதை மடியில் விரித்துக்கொண்டு அத்தையை ஒரு கை பார்ப்பாள்.

"சொல்லுங்க அத்தை, முதல் உலகப்போருக்கு உடனடிக் காரணம் என்ன?"

டீச்சர் போர்க்களத்துக்கே கூட்டிப்போய்க் காட்டுவாள்.

"கூம்போட கன அளவு?" "மண் அரிப்பை எப்படித் தடுக்கலாம்?" எல்லாவற்றுக்கும் பதில் மளமளவென்று வரும்.

"சரி, அறிவியல். வண்டியில பின்னாடி வர்றதைப் பாக்க எதுக்குக் குவி ஆடி வெக்கிறாங்க?"

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. அது அவள் எழுதிய கேள்வி, அட்சரம் பிசகாமல். அத்தனை பெரிய புத்தகம் குருட்டாம்போக்கில் கல்லெறிந்தால் நாலு கல்லாவது பட்டுத்தானே தீரும்? பதில் சொன்னால், தான் போட்ட கேள்விக்குத் தன் மருமகளைத் தானே தயார் செய்த மாதிரி ஆகிவிடும். அது மகா பாவம்.

"இரு, அடுப்புல என்னமோ தீயுது" என்று எழுந்து போனாள். அடுப்பு பற்ற வைக்காமலே இருந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

தன் கேள்வி வரும்போதெல்லாம் இதே நாடகம்தான். ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

தேர்வுக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு காலையில் சிட்டுவின் தோழி வந்தாள். மூக்குக்கண்ணாடி போட்ட, வாயில் பூட்டில்லாத பிள்ளை. சிட்டு குளித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அவ வர்றதுக்குள்ள நீங்களே சொல்லுங்களேன். நேத்து எத்தனை அடுப்புக் கேள்வி?"

"அதென்ன அடுப்புக் கேள்வி?"

"நீங்க அடுப்பைப் பாக்க எந்திரிச்சுப் போவீங்களாமே, அந்தக் கேள்விங்க. அதை மட்டும் படிச்சாப் போதும்னு சிட்டு சொல்லிட்டா. எங்க கிளாஸ்ல பாதிப் பேர் அதைத்தான் படிக்கிறோம்."

டீச்சர் ஏதோ சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பிவைத்தாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒளிப்பதற்காக எழுந்து போன ஒவ்வொரு தடவையும், இதுதான் இதுதான் என்று தானே விரல் நீட்டிக் காட்டியிருக்கிறாள்.

தலையில் துண்டோடு சிட்டு வெளியே வந்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்ததுமே நின்றுவிட்டாள்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள் டீச்சர்.

"மொத நாளே தெரிஞ்சுபோச்சு அத்தை. வரலாறுன்னா மூச்சு விடாமப் பேசுறீங்க, சொந்தப் பாடத்துல மட்டும் முகம் வெளுத்து ஓடுறீங்க. நீங்கதான் கேள்வித்தாள் தயாரிச்சிருக்கீங்கன்னு புரிஞ்சுக்கப் பெரிய மூளையா வேணும்?" சொல்லும்போதே சிட்டுவின் குரல் இறங்கியது. "தப்புன்னு தெரியும். ஃபிரண்ட்ஸ் கேட்டாங்க, சொல்லிட்டேன்."

டீச்சருக்குக் கோபம் வந்தது. அவள் மேல் பாதி, தன் மேல் பாதி. தொலைபேசியை எடுத்தாள்.

"அத்தை, வேண்டாம்! என்னைப் பரீட்சை எழுத விடமாட்டாங்க. ஒரு வருஷம் போயிடும்."

"அதுக்காக? ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் கஷ்டப்பட்டுப் படிச்சிட்டு வந்து உங்க கிளாஸுக்குப் பின்னாடி நிக்கணுமா?"

தேர்வு அதிகாரி எடுத்தார். டீச்சர் ஒன்று விடாமல் சொன்னாள்: மருமகள் வந்தது, தான் மறைத்தது, அடுப்பு, வகுப்பு.

"பேப்பரை மாத்திடலாம்" என்றார் அதிகாரி. "உங்களை என்ன பண்றதுன்னு விசாரணைல முடிவாகும். நாளைலேருந்து ஸ்கூலுக்குப் போகாதீங்க. இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்கதான் கேள்வித்தாள் தயாரிச்சீங்கன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா? தெரிஞ்சே பரப்பியிருந்தா அவளை ஹாலுக்குள்ள விட முடியாது."

டீச்சர் சிட்டுவைப் பார்த்தாள். ஈரத் தலையோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது அந்தப் பிள்ளை.

"தெரியாது சார்."

"உறுதியா?"

"சின்னப் பொண்ணு சார். ஏதோ முக்கியமான கேள்வின்னு விளையாட்டா நெனச்சிருக்கா. தப்பு முழுக்க என்னோடது."

குரல் பிசகவில்லை. கண் அலையவில்லை. அந்த முகத்தைப் பார்த்தே அத்தனை கேள்விகளையும் கண்டுபிடித்த சிட்டு இப்போதும் அதையே உற்றுப் பார்த்தாள். அதில் ஒன்றுமே தெரியவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

டீச்சர் தொலைபேசியை வைத்தாள்.

"அத்தை, எனக்குத் தெரியும்னு இப்பத்தானே சொன்னேன்..."

"என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல. விசாரணைலயும் நான் இதைத்தான் சொல்வேன். யாராவது கேட்டா நீயும் இதைத்தான் சொல்லணும்."

அதைச் சொல்லிவிட்டு, பற்ற வைக்காத அடுப்பின் முன்னால் போய் நின்றாள். சிட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.