விஜிதரனின் லண்டன் ஆட்டம்

ஜெயரூபி செஸ்ஸில் தன் புருசனை எங்கே வென்றாலும், "விஜிதரன் விட்டுக் குடுத்திருப்பான்" என்றுதான் கண்டாவளைச் சனம் கதைக்கும். அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்ததுதான் பெரிய வயிற்றெரிச்சல். கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் மனிசனுக்கு ஒரே ஆரம்பம்தான். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளுவான், பக்கத்துச் சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுப்பான், பிறகு சிரித்துக்கொண்டே தோற்பான்.

கிளிநொச்சியில் மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில் இருவரையும் எதிரெதிரே போட்டுவிட்டார்கள். வெல்பவருக்கு மாவட்ட அணியில் இடம்.

"இண்டைக்கும் விட்டுத் தந்தியளெண்டால் அந்த இடம் எனக்கு வேண்டாம்," என்றாள்.

"பாப்பம்," என்றான்.

வெள்ளைக் காய் அவனுக்கு. ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயைத் தள்ளினான். அடுத்து மந்திரி வெளியே வந்தது. லண்டன் ஆட்டம் என்கிற, அவன் இதுவரை ஆடாத ஆரம்பம். தண்ணீர் இறைக்கப் போகிறேன் என்று மோட்டர்க் கொட்டிலில் போனோடு குந்தியிருந்தது இதற்குத்தானா? ஜெயரூபிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சந்தோசம்தான் வந்தது. கள்ளன், அவளை வெல்வதற்கென்றே படித்திருக்கிறான்.

மூச்சுவிட விடாமல் நெருக்கினான். அவளுக்கு இரண்டு சிப்பாய்கள் போய்விட்டன. அப்போதுதான் அது நடந்தது. கோணலாக நின்ற அவளுடைய குதிரையை, வீட்டில் செய்கிறமாதிரியே, விஜிதரன் நேராக்கி வைத்தான்.

போட்டியில் முதலே சொல்லாமல் எதிராளியின் காயைத் தொட்டால் வெட்டியே ஆக வேண்டும். அந்தக் குதிரையை வெட்டக்கூடியது அவனுடைய ராணி மட்டும்தான். வெட்டினால் ராணியும் போய்விடும்.

கடைசியில் இப்படியா விட்டுக் கொடுக்கிறான்? நடுவரே கேட்கட்டும் என்று ஜெயரூபி ஆத்திரத்தோடு கையை உயர்த்தி அவரைக் கூப்பிட்டாள்.

விஜிதரன் எழும்பிவிட்டான். காதெல்லாம் சிவந்திருந்தது. "நான் வெட்டத் தொடேல்லை ஐயா. கோணலா நிண்டது, நேராக்கினனான். இவவைக் கேட்டுப் பாருங்கோ, வீட்டிலயும் இப்பிடித்தான் செய்யிறனான்."

"வீட்டுக் கதையை வீட்டில வைச்சிருங்கோ தம்பி. வெட்டுங்கோ," என்றார் நடுவர்.

மேசையில் குத்தாத குறையாக வெட்டினான். இப்படி நடிக்க இந்த மனிசனுக்குத் தெரியாது. அவளுக்கு மனம் குளிர்ந்தது. ராணியை எடுத்தாள், ஆட்டத்தையும் வென்றாள்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் அவனுக்குப் பின்னால் ஏறி இருந்தாள். பரந்தன் சந்தி தாண்டியதும் அவன் சொன்னான்.

"அந்தக் குதிரையைத் தொடாமல் விட்டிருந்தால் உம்மை வெண்டிருப்பன்."

"ஓம். வெண்டிருப்பியள்."

கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் அவனை இவ்வளவு ஆசையாக அவள் கட்டிப்பிடித்ததில்லை.