புளுகுக் கப்பல்

தாண்டவராயன் கப்பலில் வேலை பார்த்தவன் என்பதை ஊர் நம்பியது. அந்தக் கப்பல் தன்னைத் தானே முக்கிக்கொள்ளும் என்று அவன் சொன்னதைத்தான் ஊர் நம்பவில்லை.

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர் அது. பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் வழக்குப் போடுவதில் சூரர்கள். சண்டைக் காலத்தில் கடற்படையில் சேர்ந்து, பர்மாப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கப்பலில் இருந்துவிட்டுத் திரும்பிய தாண்டவராயன், வந்த சூட்டோடு டீக்கடையில் உட்கார்ந்து வாயைத் திறந்தான். அதுதான் அவன் செய்த பிசகு.

"கப்பலுக்கு வாலுப் பக்கம் பெரிய கதவு இருக்குது. ரெண்டு பக்கமும் வரிசையா தண்ணி டாங்கி. நான் அந்த டாங்கி வால்வுக்கு ஆளு. வால்வைத் தொறந்தா கடல் உள்ள வந்துடும், பின்பக்கம் மெள்ள முழுகும். அப்புறம் கதவைத் தொறப்பாங்க. கப்பல் வயித்துக்குள்ளயே ஒரு குளம்! சின்னப் படகுங்க சோல்ஜருங்களோட நேரா உள்ள மிதந்துக்கினு வரும். கதவை மூடிட்டு, காத்தை அடிச்சு டாங்கித் தண்ணியை வெளிய தள்ளினா கப்பல் எழுந்துக்கினு கிளம்பிடும். படகெல்லாம் காஞ்ச பலகை மேல உக்காந்துக்கும்."

கடையில் ஒருவர் நிதானமாக, "அப்ப கப்பலை ஓட்டை போட்டு ஓட்டுறான்னு சொல்லு," என்றார். கண்ணாடி டம்ளர்கள் குலுங்கும்படி சிரித்தார்கள். அன்று விழுந்த பெயர் 'புளுகுக் கப்பல்'.

பெயரோடு போயிருந்தால் அவன் பொறுத்திருப்பான். மாமன் சக்கரபாணி கீழத்தெருப் பெரியதனக்காரர். அவர் மகள் தையல்நாயகி அவனுக்கு உரிமைப் பெண். அவளுக்கும் அவன் மேல் ஆசைதான். வந்த வரன்களை எல்லாம் ஏதாவது ஒரு நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் மாமன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"புளுகன் வூட்டுல எம் பொண்ணு வாழ மாட்டா. கப்பலையே முக்குறவன் குடும்பத்தை முக்க மாட்டானா?"

தாண்டவராயன் மனம் நொந்து போனான். பொய் சொல்லிப் பெண் கிடைக்காமல் போனவர்கள் உண்டு. உண்மையைச் சொல்லிக் கிடைக்காமல் போனவன் தான் ஒருவன்தான் என்று நினைக்கும்போது அவனுக்கு அழுகையே வந்தது.

இப்படி வருஷங்கள் ஓடி, சுதந்திரமும் வந்து பழசாகிப்போன பிறகு, ஓர் ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கியது. கோயில் குளம் நிரம்பித் தென்கரை மூலையில் வழிந்தோடியது. தெப்பம் நடந்தே ஆகவேண்டும் என்று ஊர் கிடந்து துடித்தது. ஆனால் எப்படி நடக்கும்?

தெப்பம் நின்று போன கதை இதுதான். தெப்பத்தின் தளம் இடுப்பு உயரம். படித்துறையிலிருந்து சாமியைப் பல்லக்கோடு தூக்கி அதில் ஏற்ற எட்டுப் பேர் தோள் கொடுக்க வேண்டும். முன்தண்டில் வலது தோள் யாருடையது? மேலத்தெருவா, கீழத்தெருவா? இரண்டு தெருவும் ஒரே சாதி. ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுத்து, மாமன் மச்சானாகப் பின்னிக் கிடப்பவர்கள். அதனால்தான் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அந்த நாலடி தூரத்துக்காக வழக்கு திண்டிவனத்தில் பிறந்து, விழுப்புரம், கடலூர் என்று வளர்ந்து, சாமியைவிட அதிகமாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

தாண்டவராயன் மாமன் வீட்டு முற்றத்துக்கு ஓர் அண்டாவைக் கொண்டுவரச் சொன்னான். தண்ணீர் நிரப்பினான். ஒரு மண்ணெண்ணெய் டின்னைப் படுக்க வைத்து வெட்டி, பின்பக்கம் திறந்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் மூடியிட்ட டப்பாக்களைக் கட்டி மிதக்கவிட்டான். டப்பாக்களில் தண்ணீர் விட்டதும் டின்னின் பின்பக்கம் தாழ்ந்தது. ஒரு கொட்டாங்கச்சியில் வெற்றிலைப் பாக்கை வைத்து உள்ளே தள்ளினான். டப்பாத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தான். டின் எழுந்தது. கொட்டாங்கச்சி உள்ளே, வெற்றிலை நனையாமல்.

"தோளே வாணாம் மாமா. சின்னத் தெப்பம் ஒண்ணு படிக்குச் சமமா மிதக்கட்டும். குருக்களே கையால சாமியைத் தூக்கி அதுல வச்சிடுவாரு. பெரிய தெப்பம் வாலைத் தாழ்த்தி உள்ள வாங்கிக்கும். யாருக்கு வலது தோள், யாருக்கு இடது தோள்னு பேச்சே இல்ல."

கதவு ஓரமாக நின்ற தையல்நாயகி கொட்டாங்கச்சியிலிருந்த வெற்றிலையை எடுத்துத் தடவிப் பார்த்து, "காஞ்சுதான்பா இருக்குது," என்றாள்.

மாமன் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தெப்பம் நடக்கும், மேலத்தெருவுக்குத் தோள் கிடைக்காது. இதைவிட வேறென்ன வேண்டும்? மேலத்தெருப் பெரியவர் விருத்தாசலமும் இதே கணக்கைப் போட்டு, இதே வேகத்தில் சம்மதித்தார்.

"சாமி நனையாம மிதந்து, நனையாம கரை ஏறட்டும்டா தாண்டவா," என்றார் மாமன். "அன்னைக்கே தாம்பூலம் மாத்திடுறேன். நனைஞ்சுது, நீ ஊரை உட்டே போயிடணும்."

விழுப்புரத்திலிருந்து வெல்டிங் வைக்கும் சவுரிராயன் வந்தான். மிதப்பதற்குத் தார்ப் பீப்பாய்கள். முக்குவதற்கு வால்பக்கம் வலதும் இடதுமாக இரும்பு டாங்கிகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் தண்ணீர் வர வால்வு, மேலே காற்றுப் போகக் குழாய், தண்ணீரை இறைக்கக் கைப் பம்பு. அவன் கிறிஸ்தவன்; வேதக்காரன் கை பட்ட தெப்பத்தில் சாமி ஏறலாமா என்று ஒரு கேள்வி கிளம்பியது. எப்படியும் டாங்கி தண்ணீருக்குள்தானே முழுகப்போகிறது, கழுவிப் போய்விடும் என்று பெரியவர்கள் தீர்த்துவைத்தார்கள். வேலை முடிந்ததும் சவுரிராயனை மரியாதையாக விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

போகுமுன் அவனும் தாண்டவராயனும் வெள்ளோட்டம் பார்த்திருந்தார்கள். பெரிய தெப்பம் வாலைத் தாழ்த்தியது, சின்னதை வாங்கியது, எழுந்தது. ஒரு கோணல் இல்லை. தெப்பத்தின் மேல் முக்கியஸ்தர்கள் யாரும் இல்லாததால் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

தாண்டவராயன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கப்பல்ல டாங்கிக்கு ஒரே வாய்தான் மாமா. ஒரு ஆபீசர் குழாயில சொல்வாரு. வலது, இடது ரெண்டு பக்கமும் அவர் சொன்னாதான் தொறப்போம், அவர் சொன்னாதான் மூடுவோம். இங்கயும் ஒரே வாய் இருக்கணும்."

ஊர் ஒப்புக்கொண்டது. யார் வாய் என்பதில்தான் இழுபறி. தாண்டவராயன் வாய் என்றால், அவன் அப்பன் வழியில் மேலத்தெருக்காரன், அதனால் கீழத்தெரு ஏற்காது. மாமன் வாய் என்றால் மேலத்தெரு ஏற்காது. கடைசியில் வலது டாங்கிகள் மேலத்தெருவுக்கு, வாய் விருத்தாசலம். இடது டாங்கிகள் கீழத்தெருவுக்கு, வாய் சக்கரபாணி என்று முடிவாயிற்று. தாண்டவராயன் இரண்டு வாய்க்கும் யோசனை சொல்லலாம்.

கப்பலில் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினான். தையல்நாயகிக்குத் தாலி கட்டும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

தைப்பூசத்தன்று பொழுது சாயும் நேரம். கரையெல்லாம் ஜனம். சேரிக்காரர்களுக்கு மட்டும் எப்போதும் போலத் தென்கரை மூலை. தண்ணீர் வழிந்தோடும் கல்வாய்க்குப் பக்கத்தில் அவர்கள் நிற்கலாம், படியில் கால் வைக்கக் கூடாது.

குருக்கள் சாமியைச் சின்னத் தெப்பத்தில் உட்காரவைத்து விளக்கேற்றினார். தாண்டவராயன் கையை உயர்த்தினான். இரண்டு வாயும் சேர்ந்து சொல்ல, வால்வுகள் திறந்தன. காற்றுக் குழாய்கள் சீறின. பெரிய தெப்பத்தின் வால் அழகாகத் தாழ்ந்து தண்ணீருக்குள் போனது. சின்னத் தெப்பம் விளக்கு அசையாமல் உள்ளே வந்தது. கரையில் எழுந்த கோஷத்தில் மேளச் சத்தம் அமுங்கிப் போயிற்று. படித்துறையில் தையல்நாயகி வாய்விட்டுச் சிரிப்பதை அவன் பார்த்தான். அந்த நிமிஷம் அவனைப்போலச் சந்தோஷமான மனிதன் தென்னாற்காடு ஜில்லாவிலேயே கிடையாது.

"கதவைக் கட்டியாச்சு. ரெண்டு பக்கமும் ஒண்ணா பம்பு அடிங்க!" என்றான்.

அடித்தார்கள். கீழத்தெருப் பையன்கள் வயலில் இறைத்துப் பழகிய கைகள். இடது பக்கம் நாலு விரல் முந்தி எழுந்தது. விருத்தாசலத்தின் முகம் கறுத்தது.

"இன்னா சக்கரபாணி, கீழத்தெரு ஒசந்து, மேலத்தெரு தாழ்ந்து போவுதா? நிறுத்தச் சொல்லு!"

"நீ ஜல்தியா அடிக்கச் சொல்லு! எங்க பக்கம் எழுந்தா உனக்கு இன்னா பேஜாரு?"

"அமுக்குங்கடா அதை!" என்றார் விருத்தாசலம்.

தெப்பத்தில் மரியாதைக்காக ஏறியிருந்த மேலத்தெருக்காரர்கள் அத்தனை பேரும் இடது பக்கம் ஓடி, உயர்ந்திருந்த ஓரத்தில் ஏறி நின்று மிதித்தார்கள். இடது தாழ்ந்தது. உடனே வலது உயர்ந்தது. அதைப் பொறுக்காத கீழத்தெருக்காரர்கள் வலது பக்கம் ஓடினார்கள். அரைகுறையாக நின்ற டாங்கித் தண்ணீரும் அவர்களோடு சேர்ந்து இங்கும் அங்கும் ஓடியது.

"யாரும் நகராதீங்க! நின்ன எடத்துலயே நில்லுங்க!" என்று தாண்டவராயன் தொண்டை கிழியக் கத்தினான். அது யோசனைதானே, உத்தரவு இல்லையே. யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது ஓட்டத்தில் தெப்பம் ஒருக்களித்துப் படுத்தது. இரண்டு தெருப் பெரியதனமும், வலது தோளும் இடது தோளும், மொத்தமாகக் குளத்தில் விழுந்தன. கழுத்தளவுத் தண்ணீர்தான், யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. கௌரவம் மட்டும் அடி மண்வரை போய் வந்தது.

வால்கதவின் கயிறு அறுந்தது. சின்னத் தெப்பம், மிதக்கத்தானே அதைச் செய்திருந்தார்கள், சாமியோடும் எரியும் விளக்கோடும் வெளியே மிதந்து வந்தது. வாடைக்காற்று அதைத் தெற்கே தள்ளியது. தெற்கே வழிந்தோடும் கல்வாய், அதற்கு அப்பால் ஆளுயரப் பள்ளம்.

கல்வாய் ஓரம் களை பிடுங்கப் போகும் அம்சவள்ளி நின்றிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு படி இறங்கினாள்.

"தொடாதே!"

வாயில் பாசியும் தண்ணீருமாக இரண்டு தெருவும் சேர்ந்து அலறியது. அந்த ஊருக்கு ஒரே வாய் வாய்த்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

அம்சவள்ளி நின்றாள். "தொடலீங்க ஆண்டே. சாமி அதுவா வருது. கல்வாய்ல உழுந்துடும் போல இருக்குது. புடிக்கட்டுமா, உடட்டுமா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

தாண்டவராயன் மாமனைப் பார்த்தான். கழுத்தளவுத் தண்ணீரில் மாமன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். சொல்லாதே என்பது அதற்கு அர்த்தம். படித்துறையில் தையல்நாயகி நின்றாள். இப்போது வாயைத் திறந்தால் அவள் கிடைக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"புடி அம்சவள்ளி!" என்று கத்தினான். "புடிச்சு இழுத்துக் கரையில ஏத்து!"

அவள் பிடித்தாள். கல்வாயின் உதட்டில் முட்ட இருந்த தெப்பத்தை வயிற்றோடு அணைத்து நிறுத்தி, கரையேற்றினாள். விளக்குகூட அணையவில்லை.

மறுநாள் கோயில் மண்டபத்தில் பஞ்சாயத்து. தலை துவட்டிக்கொண்ட பெரியவர்கள் நன்றாக யோசித்திருந்தார்கள். சாமி நனையாமல் கரையேறியது என்றால், யாரோ கரையேற்றினார்கள் என்று ஆகும். அந்த யாரோ அம்சவள்ளி என்று ஆகும். ஆகவே சாமி நனைந்தே ஆகவேண்டும். தெப்பம் கவிழ்ந்தபோது சாமி தண்ணீரில் விழுந்ததாகவும், குருக்கள் நீந்திப் போய் எடுத்து வந்ததாகவும் விருத்தாசலம் சொன்னார். சக்கரபாணி அதை வழிமொழிந்தார். நீந்தத் தெரியாத குருக்கள் தரையைப் பார்த்துக்கொண்டார். அத்தனை வருஷ வழக்குக்குப் பிறகு இரண்டு தெருவும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"அப்ப நான் ஊரை உட்டுப் போவணும், அதானே மாமா?" என்றான் தாண்டவராயன். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

"பேச்சுன்னா பேச்சுதான்," என்றார் மாமன். "சாமி நனைஞ்சுது."

பெண்கள் பக்கத்திலிருந்து தையல்நாயகி எழுந்து வந்தாள். நேராக அப்பாவின் எதிரில் நின்றாள்.

"என்னைப் பார்த்துச் சொல்லுப்பா. சாமி நனைஞ்சுதா?"

சக்கரபாணி மண்டபத்துத் தூணைப் பார்த்தார். குருக்களைப் பார்த்தார். மகளை மட்டும் பார்க்கவில்லை.

"நனைஞ்சுதும்மா," என்றார்.

"புளுகன் வூட்டுல எம் பொண்ணு வாழ மாட்டான்னு நீதானே சொன்ன?" என்றாள் அவள். "வாழ மாட்டேன்பா."

யாரும் தடுப்பதற்குள் படியிறங்கினாள். கீழத்தெருவில் தன் வீட்டு வாசலைத் தாண்டும்போதுகூட அவள் நிற்கவில்லை. தாண்டவராயன் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் பின்னால் ஓடினான். திண்டிவனம் பஸ் வரும் சாலைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தார்கள்.